அனுமதிப் பட்டியலில் அனந்தகிருஷ்ணன்

இனிமேல் தன் அனுமதி இல்லாமல் ஓர் ஈ எறும்பு கூட உள்ளே நுழையக் கூடாது என்று அனந்தகிருஷ்ணன் தீர்மானம் செய்தார். வீட்டுக்குள் அல்ல. வீட்டுக்குள் யார் வரலாம், வந்தவர் எந்த நாற்காலியில் உட்காரலாம் என்பதெல்லாம் கல்யாணமான நாளிலிருந்தே ராஜியின் இலாகா. அவர் சொன்னது வீட்டு வைஃபைக்குள்.

லோதி ரோடில் ஓர் அமைச்சகத்தின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவர் அதிகாரி. ஆபீசில் ரௌட்டர் என்று மினுக்மினுக்கென்று விளக்கெரியும் பெட்டிகள் உண்டல்லவா, அவற்றுக்கெல்லாம் அவர்தான் எஜமான். எந்தக் கம்ப்யூட்டர் வெளியுலகத்தைப் பார்க்கலாம், எது பார்க்கக் கூடாது, எந்த செக்‌ஷனுக்கு யூட்யூப் உண்டு என்று அவர் எழுதுவதுதான் சட்டம். அண்டர் செக்ரட்டரிகளே, "அனந்த்ஜி, ஸ்கோர் மட்டும் பாத்துக்கறேனே" என்று வந்து நிற்பார்கள். அவரும் யோசிக்கிறவர் போலக் கூரையைப் பார்ப்பார். வெளியிலே புலி, வீட்டிலே எலி என்பார்கள். எலிக்காவது வளை என்று ஒன்று சொந்தமாக உண்டு. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் அனந்தகிருஷ்ணனுக்கு அதுவும் கிடையாது.

இப்படிப்பட்ட மனிதருக்கு ரோஷம் வரக் காரணம் தில்லிக் காற்று. தீபாவளி கழிந்ததும் வழக்கம்போலக் காற்று கெட்டது. பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று உத்தரவு வந்தது. அனந்தகிருஷ்ணன் மேலே கோட்டு, கீழே வேஷ்டி என்று வீடியோ மீட்டிங்கில் உட்கார்ந்தார். ஜாயின்ட் செக்ரட்டரி மாதுரி மேடம் ஏதோ கேட்டார். பதில் சொல்ல இவர் வாயைத் திறந்தார். அத்தோடு நெட் நின்றது. ஒரு கண் பாதி மூடி, வாய் முழுசாய்த் திறந்து, திரை நிறைய உறைந்து நின்றார். மதியத்துக்குள் அந்த முகம் வாட்ஸ்அப் ஸ்டிக்கராகி அமைச்சகம் முழுக்கச் சுற்றியது. கேன்டீன்காரன் கூட 'இன்று போண்டா இல்லை' என்று சொல்ல அந்த முகத்தைத்தான் போட்டான்.

போதாததற்கு அடுத்த வாரமும் அவர்தான் பேச வேண்டும். தலைப்பு, 'வீட்டு இணைப்பைப் பாதுகாப்பது எப்படி'. மாதுரி மேடம் போனில், "அனந்த், இந்தத் தடவை அசைவீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்தார். மானம் என்று ஒன்று மிச்சமிருந்தால் அது அந்த மீட்டிங்கில்தான் இருக்கிறது என்று அனந்தகிருஷ்ணனுக்குப் புரிந்தது.

நெட் ஏன் நின்றது என்று பார்க்க ரௌட்டரின் பக்கத்தைத் திறந்தார். வீட்டில் இருப்பது அவர், ராஜி, காலேஜ் படிக்கும் பெண் ஷ்ரேயா. திரையிலோ பெயர்கள் ரயில்வே வெயிட்டிங் லிஸ்ட் மாதிரி கீழே கீழே போய்க்கொண்டே இருந்தன.

"ராஜி! ராம்சேவக்னு ஒரு பேர் இருக்கே, யாரது?"

"நம்ம ப்ரெஸ்வாலான்னா. வேப்பமரத்தடியில இஸ்திரி போடறாரே."

"அவருக்கு எதுக்கு நம்ம வைஃபை?"

"நாள் பூரா கால் கடுக்க நிக்கறார். ஒரு பாட்டு கேக்க வேண்டாமா?"

"பாஸ்வேர்டை யார் குடுத்தா?"

"நான்தான். உங்க சட்டையெல்லாம் சாயங்காலமே தேய்ச்சு வரதே, எப்படின்னு நெனச்சேள்?"

"இது என்ன, மல்ஹோத்ரா டிவி?"

"கீழாத்து ஆன்ட்டி சீரியல் பாக்கறா. தண்ணி மோட்டார் சுவிட்ச் அவா ஆத்துலதானே இருக்கு."

"முகர்ஜி?"

"அவர் காரை நகத்தினாத்தானே நம்ம கார் வெளில வரும்?"

அனந்தகிருஷ்ணனுக்கு ரத்தம் கொதித்தது. "இது வீடா, தர்ம சத்திரமா?"

"சத்திரம்னா சாப்பாடும் போடணும். நான் இன்னும் அந்த அளவுக்குப் போகலை."

"நான் நாளைக்கு ஒரு பெரிய ரௌட்டர் வாங்கிண்டு வரேன். இந்த மாடிப்படியில குடியிருக்கறவா மொத்தத்துக்கும் நெட் கட்."

"அப்பா, பாஸ்வேர்ட் சேஞ்ச் பண்ணினா போறுமே. சிம்பிள் ஹை" என்றாள் ஷ்ரேயா, போனிலிருந்து தலையை எடுக்காமல்.

"போறாது. புதுப் பாஸ்வேர்டை நான் டைப் பண்ணி முடிக்கறதுக்குள்ளே உங்கம்மா கீழ போய் விநியோகம் பண்ணிட்டு வந்துடுவா."

ராஜி மறுக்கவில்லை. உண்மையை மறுக்கும் வழக்கம் அவளுக்குக் கிடையாது.

மறுநாள் நேரு ப்ளேஸிலிருந்து புது ரௌட்டர் வந்தது. மேலே கொம்பு கொம்பாக ஆன்டெனா. அனந்தகிருஷ்ணன் அதை ஷோகேஸில் ராஜியின் கொலு பொம்மைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, லேப்டாப்போடு சப்பணமிட்டு உட்கார்ந்தார். எதிரில் ராஜி பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். தில்லியில் குளிர்காலம் வந்தால் பெண்கள் கையில் பட்டாணி இருக்கும்.

"என்னன்னா எழுதறேள், சஹஸ்ரநாமம் மாதிரி?"

கேட்டாளே! இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் வேலையைப் பற்றி ராஜி கேட்கிறாள். அனந்தகிருஷ்ணன் நெகிழ்ந்து போனார். நெகிழ்ந்தவர் நிறுத்தவில்லை.

"இதுக்குப் பேர் ஆக்ஸஸ் லிஸ்ட். அனுமதிப் பட்டியல்னு வெச்சுக்கோ. யார் வந்தாலும் ரௌட்டர் இதை மேலேர்ந்து கீழே படிக்கும். 'விடு'ன்னு இருந்தா விடும். 'விடாதே'ன்னு இருந்தா விடாது."

"ரெண்டும் இல்லாட்டா?"

"அங்கதான் சூட்சுமம். கடைசியில, நாம எழுதாமலே ஒரு வரி இருக்கும். 'வேற யாருக்கும் கிடையாது.' எழுதாத ஆள் எல்லாம் அவுட்."

"ஆன்ட்டி போன்ல வைஃபை வராதா?"

"வரும், வரும். கோடெல்லாம் முழுசாக் காட்டும். உள்ள வந்து நிக்கலாம். வெளி உலகத்துக்குப் போக முடியாது." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு குரூரமான சந்தோஷம் தெரிந்தது.

ராஜி இன்னொரு பட்டாணியைப் பிதுக்கினாள். "அது சரி, இது ஆன்ட்டி, இது நான்னு அந்தப் பொட்டிக்கு எப்படித் தெரியும்? மூஞ்சியப் பாக்குமா?"

"மூஞ்சி இல்லை. நம்பர். ஒவ்வொரு போனுக்கும் ரௌட்டர் ஒரு நம்பர் குடுக்கும். டிடிசி பஸ்ல சீட் மாதிரி. முதல்ல ஏறினவாளுக்கு முதல் சீட்டு. நான் இப்போ என் லேப்டாப், என் போன், உன் போன், ஷ்ரேயா போன்னு வரிசையா ஏத்தியிருக்கேன். முதல் நாலு சீட்டுல உக்காந்திருக்கறவாளை மட்டும் விடுன்னு எழுதிட்டேன். இந்தப் பட்டியலை மாத்தணும்னா முதல் சீட்டுலேர்ந்துதான் மாத்த முடியும். அதாவது நான்."

"பஸ் டிப்போவுக்குப் போயிட்டு வந்தா?"

"என்னது?"

"ஒண்ணுமில்லை. லைட் போயிட்டு வந்தா, அந்த சீட்டெல்லாம் அப்படியே இருக்குமான்னு கேட்டேன்."

"அதெல்லாம் உனக்குப் புரியாது" என்றார் அனந்தகிருஷ்ணன். அந்த யோசனை தனக்கே வரவில்லை என்பதை மனைவியிடம் ஒப்புக்கொள்ள எந்தக் கணவனால் முடியும்?

"அச்சா" என்றாள் ராஜி.

தமிழில் 'சரி' என்றால் சரி. ராஜியின் 'அச்சா' அப்படி இல்லை. அதற்குப் பின்னால் என்ன வரும் என்று அனந்தகிருஷ்ணன் ஒருநாளும் முன்கூட்டிக் கண்டதில்லை. அன்றும் காணவில்லை.

ஒருநாள் பூரா ராஜ வாழ்க்கை. நெட் பிய்த்துக்கொண்டு ஓடியது. சாயங்காலம் கீழ்வீட்டு மல்ஹோத்ரா ஆன்ட்டி மூட்டு வலியோடு மாடியேறி வந்தார்.

"ராஜி பேட்டா, நெட் நஹீன் ஆ ரஹா, வரவே இல்லை. இன்னிக்கு சீரியல்ல கல்யாணம்!"

"எனக்கு என்ன தெரியும் ஆன்ட்டிஜி? எல்லாம் அவரோட லிஸ்ட். அவரையே கேளுங்கோ" என்று ராஜி இந்தியில் சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அனந்தகிருஷ்ணன் கூரையைப் பார்த்தார். "மன்னிக்கணும் ஆன்ட்டிஜி. செக்யூரிட்டி. பாலிசி."

"பாலிசியா?"

"பாலிசி."

ஆன்ட்டி அந்த வார்த்தையை மனசில் முடிந்துகொண்டு கீழே இறங்கினார். முகர்ஜி வந்தார், பாலிசி. ராம்சேவக் வந்தார், பாலிசி. அன்றிரவு அனந்தகிருஷ்ணன் நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் குழாயைத் திறந்தார். அது பாம்பு மாதிரி சீறிவிட்டு அடங்கியது. ஈரமில்லாத பிரஷ்ஷோடு கீழே ஓடினார். மல்ஹோத்ரா ஆன்ட்டி கதவைத் திறந்து, அன்பாகச் சிரித்து, "பாலிசி, பேட்டா" என்று சொல்லிச் சாத்திக்கொண்டார்.

திரும்பி வந்தால் ராஜி தலைக்குக் குளித்துத் துண்டு சுற்றியிருந்தாள்.

"நீ எப்படிக் குளிச்சே?"

"ஆன்ட்டி ஆத்துல. ஷ்ரேயாவும் அங்கதான். சமையலுக்கு ரெண்டு பக்கெட்டும் குடுத்தா."

"அப்போ நானும் போய்..."

"உங்களுக்காகக் கேட்டேன்னா. பாவமா இருந்தது. லிஸ்ட்ல பேர் இல்லைன்னுட்டா."

இஸ்திரிக்குப் போன துணி வந்தது. ராஜியின் புடவைகள் கத்தி மடிப்பு. ஷ்ரேயாவின் குர்த்தாக்கள் கண்ணாடி. இவருடைய சட்டைகள் மட்டும் போன கோலத்திலேயே ஒரு மூட்டையாகத் திரும்பி வந்தன. சரி, காரை எடுத்துக்கொண்டு மார்க்கெட் பக்கம் போய் ஒரு சட்டையாவது தேய்த்து வரலாம் என்று இறங்கினார். முகர்ஜியின் கார் குறுக்கே நின்றது. முகர்ஜி? மீன் வாங்கப் போயிருக்கிறார். எப்படிப் போனார்? நடந்து. பத்தடி தூரத்துக்கும் கார் எடுக்கும் முகர்ஜி, காற்று விஷமாயிருக்கும் நவம்பரில், முகமூடி போட்டுக்கொண்டு, சித்தரஞ்சன் பார்க் வரைக்கும் நடந்தே போயிருக்கிறார். கொள்கைக்காக இவ்வளவு தியாகம் செய்யும் மனிதர்கள் தம் மாடிப்படியிலேயே இருக்கிறார்கள் என்று அனந்தகிருஷ்ணனுக்கு அதுவரை தெரியாது.

ஆனாலும் அவர் மசியவில்லை. குளிக்காமல் இருந்தார். கசங்கிய சட்டையோடு இருந்தார். தன் உடம்பு வாசனை தனக்கே உறைத்தபோது ஊதுபத்தி ஏற்றிக்கொண்டார். மீட்டிங்கில் வாசனை தெரியாது, உறைந்து நின்றால் தெரியும். அவருக்கு மீட்டிங்தான் முக்கியம்.

மீட்டிங் நாள் விடிந்தது. எழுந்தவருக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. குளியலறையில் பக்கெட் நிறைய வெந்நீர். ஹாங்கரில் தேய்த்த சட்டை. மேஜையில் சுடச்சுடக் காபி.

"போய் நிதானமாக் குளிச்சுட்டு வாங்கோ. லேப்டாப்பை நான் மூடி வெச்சுட்டேன், தூசி படும். போனையும் அணைச்சுட்டேன், சார்ஜ் இறங்கும்" என்றாள் ராஜி.

வழிக்கு வந்துவிட்டாள்! அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். அடி வாங்கியது யார், நகர்ந்தது யார் என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. நாள் கணக்கில் சேர்ந்த அழுக்கு காத்திருந்தது. பாடிக்கொண்டே தலைக்கு ஷாம்பு போட்டார். நுரை கண்ணில் வழியும்போது விளக்கு அணைந்தது.

"ராஜி! லைட் போச்சா?"

"போகலைன்னா. நான்தான் மெயினை அணைச்சேன். பங்கா துடைக்கறேன்."

"நவம்பர்ல எதுக்குடி ஃபேனைத் துடைக்கறே?"

"பின்னே, மே மாசம் சுத்தும்போதா துடைப்பா?"

இருட்டில், நுரைக்கு நடுவில், அவர் சொம்பைத் துழாவினார். கொஞ்ச நேரத்தில் விளக்கு வந்தது. கூடவே கூடத்தில் நிறையப் பேர் ஒரே சமயத்தில் "ஆ கயா! வந்தாச்சு!" என்று கூவுவது கேட்டது. மாடிப்படியில் யாருக்கோ குழந்தை பிறந்திருக்கும் போல என்று எண்ணிக்கொண்டார்.

துடைத்துக்கொண்டு, தேய்த்த சட்டையும் வேஷ்டியுமாகக் கூடத்துக்கு வந்தவர் நின்றார். சோபாவில் மல்ஹோத்ரா ஆன்ட்டி, கையில் போன். போனில் கல்யாண மேளம். பக்கத்தில் முகர்ஜி. வாசல்படியில் ராம்சேவக், காதில் இயர்போன், கண் மூடி ரசிப்பு. எல்லோருக்கும் ராஜி டீ கொடுத்திருந்தாள்.

அனந்தகிருஷ்ணன் லேப்டாப்பைத் திறந்தார். வைஃபை கோடெல்லாம் முழுசாகக் காட்டியது. மீட்டிங் திறக்கவில்லை. மெயில் திறக்கவில்லை. பதறிப்போய் ரௌட்டரின் பக்கத்தைத் திறந்தார். 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது அது.

"ராஜி! என்ன பண்ணித் தொலைச்சே?"

"பங்கா துடைச்சேன்."

"என் நம்பர் எங்கே?"

"என்னைக் கேட்டா? முதல்ல ஏறினவாளுக்கு முதல் சீட்டுன்னு நீங்கதானே பாடம் எடுத்தேள்? லைட் வந்ததும் நான் ஏறினேன். எனக்கு முதல் சீட்டு. பின்னாடியே ஆன்ட்டி, முகர்ஜி சாப், ராம்சேவக் பையா. நாலு சீட்டும் ரொம்பிடுத்து. நீங்க குளிச்சிண்டிருந்தேள்."

தான் ஆளுக்கு அனுமதி எழுதவில்லை, சீட்டுக்கு எழுதியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அனந்தகிருஷ்ணனுக்கு உறைத்தது. ரௌட்டர் பாவம் என்ன செய்யும்? முதல் நாலு சீட்டில் இருப்பவரை விடு என்றார், விடுகிறது. மற்றவரை விடாதே என்றார், அவரை விடவில்லை. ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவன் இதைச் செய்திருந்தால் மெமோ கொடுத்திருப்பார்.

"அணைச்சுட்டு மறுபடியும் போடறேன்!" என்று ரௌட்டரிடம் பாய்ந்தார்.

"போடுங்கோ. எல்லாரும் மறுபடி ஏறப்போறா. ஆன்ட்டி இந்த வயசுலயும் ரொம்ப ஃபாஸ்ட்."

ஆன்ட்டி கட்டை விரலைத் தயாராக உயர்த்திக் காட்டினார்.

"முதல் சீட்டுலேர்ந்து பட்டியலை மாத்தலாம், ஆனா அதுக்கும் பாஸ்வேர்ட் வேணும் தெரியுமோல்லியோ?" என்று கடைசி அஸ்திரத்தை எடுத்தார் அனந்தகிருஷ்ணன்.

"பொட்டிக்கு அடியில ஒட்டியிருந்ததே. துடைக்கும்போது பாத்தேன். மாத்திட்டேன்."

ரௌட்டரோடு வரும் பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள் என்று அமைச்சகம் முழுக்கச் சுற்றறிக்கை அனுப்பியவர் அவர்தான்.

மொபைல் டேட்டா? அந்த வீட்டுச் சுவர்களுக்குள் சிக்னல் நுழையாது. வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடினார். ஒரே ஒரு கோடு வந்தது. கூடவே ஒரு வாய்ப் புகையும் வந்தது. இருமலோடு திரும்பி ஓடி வந்தார். மாதுரி மேடம் இந்நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

"ராஜி." குரல் தழைந்தது. "ஒரே ஒரு வரி. எனக்கு ஒரு வரி போட்டுடு."

"ஆன்ட்டிக்குத் தண்ணி மோட்டார் இருக்கு. ராம்சேவக் பையாவுக்கு இஸ்திரிப்பெட்டி. உங்ககிட்ட என்ன இருக்கு?"

"உன் புருஷன்டி நான்!"

ராஜி இதை முகர்ஜிக்கு இந்தியில் சொன்னாள். முகர்ஜி யோசித்துப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, போடலாம் என்பதுபோலத் தலையசைத்தார்.

ராஜி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைத் தட்டினாள். "ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும் குறிப்பு எழுத இடம் இருக்கு. எல்லாருக்கும் எழுதியிருக்கேன். உங்களுக்கு என்ன எழுதட்டும்?"

"எதையாவது எழுது! ஜல்தி!"

எழுதினாள். மீட்டிங் திறந்தது.

அன்றைக்கு அனந்தகிருஷ்ணன் அசைந்தார். கையை அசைத்தார், தலையை அசைத்தார், தேவையே இல்லாதபோது தோளையும் அசைத்தார். படம் ஓடை மாதிரி ஓடியது. அமைச்சகமே பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்குத் தைரியம் வந்தது. தைரியம் வந்தால் வாய் சும்மா இருக்குமா?

"வீட்டு நெட்டுக்கு ஒரே எஜமான்தான் இருக்கணும். யாருக்கு அனுமதி, யாருக்கு இல்லைன்னு அவன்தான் தீர்மானிக்கணும். கண்டிப்பு வேணும். என் வீட்டுல அப்படித்தான்" என்று முழங்கினார்.

மாதுரி மேடத்தின் முகம் மலர்ந்தது. "வெரி குட், அனந்த்! இந்த ஸ்லைடெல்லாம் எதுக்கு? உங்க வீட்டு லிஸ்டையே நேரா காட்டுங்களேன். எல்லாரும் பாத்துக் கத்துக்கட்டும்."

அனுமதி உள்ளவர் யாரும் பட்டியலைப் பார்க்கலாம், மாற்றத்தான் முடியாது. பெருமையின் வேகத்தில் அனந்தகிருஷ்ணன் பட்டனைத் தட்டிவிட்டார். பட்டியல் எல்லோர் திரையிலும் விரிந்தது. மாதுரி மேடம் மேலிருந்து கீழே உரக்கப் படித்தார்.

"ராஜி. குறிப்பு, எஜமானி. மிசஸ் மல்ஹோத்ரா. குறிப்பு, தண்ணீர். மிஸ்டர் முகர்ஜி. குறிப்பு, கார் வெளியே வர வழி. ராம்சேவக். குறிப்பு, சட்டை. ஷ்ரேயா. குறிப்பு, பரீட்சை." மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கடைசி வரிக்கு வந்தார். "அனந்தகிருஷ்ணன். குறிப்பு, மீட்டிங் முடியும் வரை மட்டும்."

யாரோ மைக்கை அணைக்க மறந்து சிரித்தார்கள்.

"பிரமாதம்!" என்றார் மாதுரி மேடம். "யாருக்கு, எதுக்கு, எதுவரைக்கும்னு ஒவ்வொரு வரியிலயும் தெளிவா இருக்கு. உங்க பிரிவுகிட்ட எத்தனை நாளா நான் கேட்டுக்கிட்டிருக்கேன்! சரி, எல்லாருக்கும் நன்றி. மீட்டிங்கை முடிச்சுக்கலாமா?"

"மேடம், மேடம்! இன்னும் கொஞ்ச நேரம் நடத்தலாமே, ப்ளீஸ்!" என்று ஒரு குரல் கதறியது. மீட்டிங்கை நீட்டிக்கச் சொல்லிக் கெஞ்சிய ஒரே ஆத்மாவாக அமைச்சகத்தின் சரித்திரத்தில் அனந்தகிருஷ்ணன் இடம்பெற்றார்.